மீசோரெக்டம்: நடுவும் இல்லை, நேரும் இல்லை

மலக்குடல் புற்றுநோய்க்கு எடுக்கும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் கட்டியின் நீள அகலத்தோடு இன்னொரு வரியும் இருக்கும்: ‘மீசோரெக்டல் ஃபேசியா’வுக்கும் கட்டிக்கும் இடையே இத்தனை மில்லிமீட்டர். நேராக அறுவைக்குப் போகலாமா, அதற்கு முன் கதிர்வீச்சும் கீமோவும் வேண்டுமா என்று முடிவெடுப்பதில் இந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குபவருக்குப் புரியாத வரியும் இதுதான்.

சொல்லைப் பிரிப்போம். ‘மீசோ’ என்றால் கிரேக்கத்தில் நடு. சிறுகுடலை வயிற்றின் பின்சுவரோடு இணைக்கும் மடிப்பை மெசென்டரி என்பார்கள். அதே ‘மீசோ’ அச்சில் வார்த்ததுதான் மீசோரெக்டம். ‘ரெக்டம்’ என்றால் இலத்தீனில் நேரானது. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் ‘நேரான குடல்’ என்று சொன்னதன் மொழிபெயர்ப்பு அது. அவர் அறுத்துப் பார்த்ததோ குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை. மனிதருக்கு அந்தக் குடல் இடுப்பெலும்பின் வளைவை ஒட்டி வளைந்தே இறங்குகிறது. இலங்கைப் பாடநூல்களின் ‘நேர்குடல்’ இலத்தீனைப் பின்பற்றியது. தமிழ்நாட்டின் ‘மலக்குடல்’ வேலையைச் சொல்லும் பெயர். என் ஓட்டு மலக்குடலுக்கே.

சரி, மீசோரெக்டத்தின் பொருள் என்ன? மலக்குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு. நிணநீர்க் கணுக்களும் இரத்தக் குழாய்களும் அதற்குள்தான் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்து மூடும் மெல்லிய உறைதான் ஃபேசியா. இலத்தீனில் அதற்குக் கட்டுத்துணி, பட்டை என்று பொருள்.

இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பில் ஹீல்ட், 1982இல் இந்தக் கொழுப்பின் மேல் எல்லார் கவனத்தையும் திருப்பினார். குடலை மட்டும் வெட்டியெடுத்துக் கொழுப்பில் கொஞ்சம் விட்டுவைத்தால், நோய் அங்கிருந்தே திரும்பி வருகிறது என்றார். எனவே பொட்டலத்தைப் பிரிக்காமல், உறை கிழியாமல் அப்படியே வெளியே எடுக்க வேண்டும். உறையை ஒட்டிக் கத்தி போகும் அந்த வழியை அவர் ‘புனிதத் தளம்’ என்றே அழைத்தார்!

அப்புறம் எம்ஆர்ஐ வந்தது. அதில் டி2 என்னும் வகைப் படத்தில் கொழுப்பு வெளுப்பாகவும், உறை அதைச் சுற்றி மெல்லிய கருங்கோடாகவும் தெரியும். அறுக்கப்போகும் எல்லையை அறுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். கட்டி கோட்டைத் தொட்டாலோ, 1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டாலோ எல்லை ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். பொதுவாகக் கட்டியைச் சுருக்கும் சிகிச்சையை முதலில் கொடுப்பார்கள். கோட்டை விட்டு நன்றாகத் தள்ளியிருந்தால், மற்ற அறிகுறிகளும் சாதகமாக இருந்தால், பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படாது. எல்லையில் நோய் இருக்குமா இருக்காதா என்பதை எம்ஆர்ஐ நம்பகமாக முன்கூட்டிச் சொல்கிறது என்று, ஐரோப்பிய மருத்துவமனைகள் பல சேர்ந்து செய்த மெர்குரி ஆய்வு 2006இல் காட்டியது.

தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நடுநேர்குடல்’ என்று வரும். அது நடுவிலும் இல்லை, நேராகவும் இல்லை, குடலும் இல்லை. சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பெயர்க்கலாம்: மீசோரெக்டம் ‘மலக்குடல் சூழ்கொழுப்பு’, ஃபேசியா ‘சூழ்கொழுப்பு உறை’. ‘சவ்வு’ என்றும் சிலர் எழுதக்கூடும். பொதிந்து மூடுவதை உறை என்பதே பொருத்தம். “கட்டி, சூழ்கொழுப்பு உறையிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது” என்று எழுதினால், ரிப்போர்ட்டோடு வெளியே காத்திருப்பவருக்கும் எது எதிலிருந்து தள்ளியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.