சரித்திரமா, வரலாறா?

பிரதாப முதலியார் சரித்திரம் (1879), கமலாம்பாள் சரித்திரம் (1896), பத்மாவதி சரித்திரம் (1898). தமிழின் தொடக்ககால நாவல்களில் மூன்றுக்குப் பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. ஆனால் மூன்றும் சரித்திர நாவல் இல்லை! தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுவது, திருகோணமலைக்காரரான சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் எழுதிய மோகனாங்கி. அது சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை.

குழப்பம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. வடமொழியில் 'சர்' என்ற வேருக்கு நடத்தல், திரிதல் என்று பொருள். சரிதம், சரித்திரம் இரண்டும் ஒருவர் நடந்துகொண்ட விதத்தையும் செய்த செயல்களையும் குறித்தவை. இந்தியில் இன்றும் 'சரித்ர' என்றால் நடத்தை, குணம்தான். உ.வே.சா. தம் வாழ்க்கைக் கதைக்கு 'என் சரித்திரம்' என்று பெயரிட்டதும் இந்த வழியில்தான். நாளிதழில் வரும் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி'யைப் பாருங்கள்: போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் அந்தப் பழைய பொருள் பத்திரமாக இருக்கிறது.

தமிழில் இதற்கு வரலாறு. வரல் + ஆறு, அதாவது வந்த வழி. ஆற்றுப்படையில் உள்ள அதே ஆறுதான், தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையின் உரையில் 'வரலாறு' என்று போட்டுவிட்டு எடுத்துக்காட்டுச் செய்யுளைத் தருவார்கள். செய்யுள் வரும் விதம் என்பதே அங்கே பொருள். மன்னரும் போரும் அந்தச் சொல்லுக்குள் புகுந்தது பிறகு.

ஒரு சொல் இறங்கி இன்னொன்று ஏறியதை ஒரே நூலின் அட்டையில் பார்க்கலாம். சதாசிவ பண்டாரத்தாரின் சோழர் நூல் 1949-இல் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' என்று வந்தது. பின்னாளைய பதிப்பில் அதுவே 'பிற்காலச் சோழர் வரலாறு'. கதைப் புத்தகம் மட்டும் அசையவில்லை. 'வரலாற்றுப் புதினம்' என்று கட்டுரையில் எழுதுகிறவரும் கடையில் போய் 'சரித்திர நாவல் இருக்கா?' என்றுதான் கேட்பார். கேட்கட்டுமே. ஆய்வுக்கும் பாடத்துக்கும் வரலாறு, குதிரைக் குளம்படிக்குச் சரித்திரம் என்ற பிரிவினை எனக்குச் சம்மதம்தான்.

ஆனால் வரலாறு என்று எழுதிவிட்டாலே உண்மை என்று நம்பிவிட வேண்டாம். கோயில்களில் 'தல வரலாறு' பலகையை நின்று படித்துப் பாருங்கள். புற்றின்மேல் பசு பால் சொரிந்ததும், ராஜராஜன் காலக் கல்வெட்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும்.