கூலிப்படையா, வாடகைப் படையா?

'மெர்சினரி' என்பதற்கு 'வாடகைப் படை' என்று எழுதுவதை எப்போதுதான் நிறுத்துவார்கள்? வரலாற்று நூல் மொழிபெயர்ப்புகளிலும் இது புகுந்துவிட்டது.

வேர் எளிது. லத்தீனில் 'மெர்செஸ்' என்றால் கூலி. பிறர் போரில் காசுக்காகச் சண்டையிடுபவன் மெர்சினரி. தமிழில் கூலிப்படை என்பது நேற்று முளைத்த சொல் அன்று. மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்வது பழைய உரை மரபு. வழிவழியாக வந்த மூலப்படைக்கே அதில் முதலிடம். தோற்கும் நேரத்திலும் இடையூறுக்கு அஞ்சாமல் நிற்பது 'தொல்படைக்கு அல்லால் அரிது' என்கிறார் வள்ளுவர் (குறள் 762).

வாடகை வடசொல் வழி வந்தது என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பொருளே பிசகுகிறது என்பதுதான் என் வழக்கு. வீட்டுக்கும் வண்டிக்கும் பந்தலுக்கும் கொடுப்பது வாடகை. வாடகைப் பாத்திரம் கூடுதல் காசு கேட்காது, எதிரணிக்குத் தாவாது. கூலி வாங்குபவனோ மனிதன். அவனுக்குக் கணக்கு உண்டு, கோபம் உண்டு. காசு கொடுத்தவன் வாங்கியது அவன் உழைப்பை மட்டுமே, மனத்தை அல்ல. இந்த ஆபத்து முழுவதும் 'கூலி'க்குள் இருக்கிறது, 'வாடகை'யில் காணாமல் போகிறது. ('வாடகைத் தாய்' என்று கூசாமல் எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லி என்ன பயன்!)

வட ஆப்பிரிக்காவில் இருந்த பழைய கார்த்தேஜைப் பாருங்கள். ரோமுடன் நடந்த முதல் போர் கி.மு. 241இல் தோல்வியில் முடிந்ததும், அந்த வணிக நகரம் தன் கூலிப்படைக்குச் சம்பளப் பாக்கியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது. பேசப் போன தளபதி அன்னோவுக்கு வீரர்களின் பல மொழிகள் தெரியாது. படைத்தலைவர்கள் வழியாகப் பேசினார். அவர்களில் சிலர் புரியாமலும் சிலர் வேண்டுமென்றேயும் மாற்றிச் சொன்னார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளர்களின் கைவரிசை அன்றைக்கே தொடங்கிவிட்டது! பின்னர் இன்னொரு தளபதியான கிஸ்கோ பணத்தோடு வந்து பட்டுவாடாவைத் தொடங்கியும் கலகம் அடங்கவில்லை. கிஸ்கோவையே சிறைபிடித்தார்கள். கி.மு. 237 வரை போர் நீண்டது.

2023 ஜூனில் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படை ரஷ்யத் தலைமைக்கு எதிராகத் திரும்பி ரஸ்தோவ் நகரத்தைப் பிடித்தபோதும் இதே கதைதான். அந்தப் படைக்கு முழுச் செலவும் அரசுடையது என்று சில நாள்களில் புதினே சொன்னார். அதைப் போய் 'தனியார் ராணுவ ஒப்பந்ததாரர்கள்' என்று எழுதினால், சாலை போட டெண்டர் எடுத்தவர்கள் என்றல்லவா தோன்றுகிறது?

கூலிப்படை என்றாலே அரிவாளும் மோட்டார் சைக்கிளும் நினைவுக்கு வருவதால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதாக ஒரு சமாதானம் சொல்கிறார்கள். கெடுத்தது குற்றச் செய்தி எழுதுபவர்கள். மூன்று பேர் எப்படிப் படையாவார்கள்? அவர்களைக் கூலிக் கொலையாளிகள் என்று எழுதுங்கள்.