இழுத்தால் நிமிருமா? டிராக்ஷன் கருவி வாங்குமுன்

அண்ணாச்சிக்கு 54 வயது, பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் சுகர், பிரஷர், மூத்த மகள் கல்யாணம் என்று ஐந்து நிமிடம் பேசினார். நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் டோக்கன் சீட்டைத் திருப்பி, என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். பாதிவரை நேராகப் போன கோடு, அங்கிருந்து அரிவாள் மூக்கு மாதிரி மேலே திரும்பியது.

"இப்படி ஆயிட்டு, சார்."

விறைப்பில் ஆணுறுப்பு வளைந்துபோகும் இந்த நோயோடு வருகிறவர்களில் பாதிப்பேர் வாய் திறந்து சொல்வதில்லை. சிலர் ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டுவார்கள், சிலர் இப்படிப் படம் போடுவார்கள். அண்ணாச்சி எட்டு மாதம் கழித்து வந்திருந்தார். இடையில் ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் போயிருக்கிறார். இளமையில் செய்த கைப்பழக்கத்தால் வந்தது என்று சொல்லி ஒரு மண்டலத்துக்கு லேகியம் கொடுத்தாராம் அவர். 54 வயதுக்காரருக்கு இருபது வயசுக் குற்ற உணர்ச்சியையும் சேர்த்து விற்றிருக்கிறார்.

இதன் பெயர் பெய்ரோனி நோய். பிரான்ஸ் மன்னர் 15-ம் லூயியின் அறுவை மருத்துவராக இருந்த பெய்ரோனி 1743-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆணுறுப்புக்குள் ரத்தம் நிரம்பும் குழாய்களைச் சுற்றி, விரியக்கூடிய கெட்டியான உறை ஒன்று உண்டு. அந்த உறையில் ஓரிடத்தில் தழும்பு விழுவதுதான் நோய். உடலுறவின்போது படும் சின்னச் சின்ன அடிகள் ஆறும்போது சிலருக்கு மட்டும் தழும்பு தேவைக்கு மேல் கெட்டிப்படுகிறது. சைக்கிள் டியூபில் பெரிய ஒட்டுப் போட்டுக் காற்றடித்துப் பாருங்கள். ஒட்டுள்ள பக்கம் விரியாது, மற்ற பக்கம் விரியும், டியூப் ஒட்டுப் பக்கமாக வளையும். இங்கேயும் அதே கதைதான். இது புற்றுநோய் கிடையாது, பால்வினை நோயும் கிடையாது, மனைவிக்குத் தொற்றாது. சுகர் உள்ளவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறோம். உள்ளங்கையில் நார் தடித்து விரல் மடங்கிப்போகும் இன்னொரு நோய் உண்டு. அது உள்ளவர்களுக்கு இதுவும் வருவதுண்டு என்பதால் நான் முதலில் கையைத்தான் விரித்துக் காட்டச் சொல்வேன்.

சரி, வளைவை இழுத்து நிமிர்த்தும் டிராக்ஷன் (இழுவை) கருவிக்கு வருவோம். அண்ணாச்சி அதையும் கொண்டுவந்திருந்தார், மஞ்சப்பைக்குள் இன்னொரு பாலிதீன் பையில் சுற்றி. அடியில் ஒரு வளையம், இரண்டு பக்கமும் கம்பி, மேலே ரப்பர் வார். அட்டைப்பெட்டியில் ஆளை மயக்கும் படமும் 'பெரிதாக்கும்' என்ற வாக்குறுதியும் இருந்தன. எவ்வளவு விசையில் இழுக்கிறது என்று காட்டும் அளவுக்கோடோ, தயாரித்தவர் முகவரியோ, மருத்துவச் சாதனம் என்பதற்கான அத்தாட்சியோ இல்லை. கூடப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று நினைத்து ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு மரத்துப்போய் விழித்திருக்கிறார். நான் பார்த்தபோது மொட்டுக்குக் கீழே வார் பிடித்த இடத்தைச் சுற்றிக் கொப்புளம், அதற்கு மேலே கருநீலம். நல்லவேளை, தோலோடு போயிற்று.

அவரிடம் நான் என் ஆச்சியின் காதைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம் பாம்படம் போட்ட ஆச்சிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். தோளைத் தொடும் அந்தக் காது ஒரே நாளில் வந்ததில்லை. சின்ன வயதில் துளையிட்டு, பஞ்சு திணித்து, அப்புறம் குணுக்கு மாட்டி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ரப்பரை இழுப்பது மாதிரி தோலை இழுத்ததாக நினைத்துவிடாதீர்கள். இழுவையை உணர்ந்து செல்கள் புதிதாகப் பிரிந்தன, திசு வளர்ந்தது. அவசரப்பட்டு எடையைக் கூட்டிய வீடுகளில் காது அறுந்தது. பல்லுக்குக் கம்பி கட்டுவது, தீக்காயத் தழும்பு சுருங்காமல் பட்டை கட்டிவைப்பது எல்லாமே இந்த ஒரே தத்துவம்தான். மெதுவான, விடாத இழுவை தழும்பில் உள்ள நார்களைக் கொஞ்சம் கரைக்கவும் ஒரே திசையில் அடுக்கவும் செய்கிறது. கொப்புளம் வரும் அளவுக்கு இழுத்தால் புதுக் காயம், புதுக் காயத்துக்குப் புதுத் தழும்பு. நாம் எதைப் போக்க வந்தோமோ அதையே விதைத்த கதைதான்.

எல்லோருக்கும் கருவி வேண்டுமா? வேண்டாம். லேசான வளைவு, வலியில்லை, உறவுக்கு இடைஞ்சலில்லை என்றால் தைரியம் சொல்லி அனுப்பிவிடுவேன். வளைவு தொந்தரவு செய்கிறது என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். சும்மா விட்டால் தானாகச் சரியாகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 246 பேரைப் பின்தொடர்ந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் வளைவு தானாகக் குறைந்தது. 40 பேருக்கு அப்படியே நின்றது, 48 பேருக்குக் கூடியது. வைட்டமின் ஈ மாத்திரை நானும் ஒரு காலத்தில் கைபோன போக்கில் எழுதியிருக்கிறேன், எதையாவது கொடுத்தனுப்ப வேண்டுமே என்று. அமெரிக்க யூராலஜி சங்கம் 2015-லேயே அதைக் கொடுக்காதீர்கள் என்று எழுதிவிட்டது. தழும்பைக் கரைக்க அதற்குள்ளேயே போடும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு அல்ல அது. அறுவை சிகிச்சை நன்றாக நிமிர்த்தும். ஆனால் எளிய முறையில் நீளமான பக்கத்தைத் தைத்துச் சுருக்குவதால் நீளத்தில் கொஞ்சம் போகும். நோயே ஏற்கெனவே நீளத்தைத் தின்றிருக்கும். கத்தி வைக்காமல் நீளத்தைக் கொஞ்சமாவது திருப்பித் தர முயலும் சிகிச்சைகளில் முக்கியமானது இந்த இழுவை. அதனால்தான் இதில் எனக்கு ஈடுபாடு.

எவ்வளவு பலன்? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நோய் புதிதாக இருக்கும்போது, வலி இன்னும் போகாத கட்டத்தில், தினம் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்டச் சொல்லி ஸ்பெயினில் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. சராசரி வளைவு 33 டிகிரியிலிருந்து ஆறு மாதத்தில் 15-க்கு இறங்கியது. முற்றி நிலைத்துவிட்ட வளைவுகளை எடுத்துக்கொண்ட இத்தாலிய ஆய்வில், ஆறு மாதம் மாட்டியும் 31 டிகிரி 27 ஆனதோடு சரி. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் சீக்கிரம் வந்தவருக்கு நல்லது என்பதை என் அனுபவமும் சொல்கிறது. அல்ட்ராசவுண்டில் தழும்பு முழுக்கச் சுண்ணாம்பு படிந்து எலும்பு மாதிரி தெரிந்தால் எனக்கு நம்பிக்கை குறைவு. அதைக் கருவி வாங்குமுன்பே சொல்லிவிடுவேன்.

தினம் ஆறு மணி நேரம் என்பது யாருக்கு முடியும்? கடையில் உட்கார்ந்து துவரம்பருப்பு நிறுக்கிறவருக்கு முடியுமா? பழைய வகைக் கருவிகள் தோற்பது இங்கேதான். வாங்குகிற அத்தனைப்பேரும் முதல் வாரம் மாட்டுவார்கள், மூன்றாவது வாரம் பீரோவுக்குள் போய்விடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவான ரெஸ்டோரெக்ஸ் என்ற கருவி வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அது நேராக இழுப்பதோடு, வளைவுக்கு எதிர்ப்பக்கமாகவும் மடக்கி இழுக்கும். 110 பேரை வைத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் தினம் 30 முதல் 90 நிமிடம் மட்டும், மூன்று மாதம் மாட்டினார்கள். வளைவு சராசரியாக 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது, நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியது. கருவி மாட்டாதவர்களுக்கு இரண்டிலும் முன்னேற்றமில்லை. 12 டிகிரி என்றதும் முகம் வாடுகிறவர்கள் உண்டு. 55 டிகிரி வளைவில் உறவே முடியாத ஒருவருக்கு அது 43 ஆனால் கதவு திறந்த மாதிரி. 90 டிகிரிக்காரருக்கு 78 ஆனால் பெரிய வித்தியாசமில்லை, அவரிடம் அறுவை சிகிச்சை பற்றித்தான் பேச வேண்டும்.

ஆக, வாங்கும்போது நான் முதலில் கேட்பது "உங்களுக்கு ஒரு நாளில் தனியாக எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்பதைத்தான். அரை மணி நேரம்தான் என்றால் அரை மணி நேரக் கருவி. விலை கூடுதல், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் தனி அறையில் லுங்கியோடு இருக்கிறவர் பழைய வகையையும் வைத்துச் சமாளிக்கலாம். இந்த விஷயத்தில் லுங்கிக்கு ஈடான உடை உலகத்தில் இல்லை.

அடுத்து, கருவி மொட்டைப் பிடிக்கும் விதம். பாதிச் சண்டை இங்கேதான் வரும். வார் கட்டிப் பிடிப்பவை, கவ்விப் பிடிப்பவை, காற்றை உறிஞ்சித் தொப்பி மாதிரி கவ்வுபவை என்று மூன்று விதம். இவற்றின் விளக்கப் புத்தகங்களில் சுன்னத் செய்த உறுப்பைத்தான் பெரும்பாலும் படம் போட்டிருப்பார்கள். நம்மில் நிறையப் பேருக்கு முன்தோல் உண்டு. தோல் வழுக்கிக்கொண்டு வரும், பிடி நழுவும், உடனே வாரை இன்னும் இறுக்குவார்கள். கொப்புளம் வருவது அப்படித்தான். தோலைப் பின்னுக்குத் தள்ளி, மெல்லிய பருத்தித் துணியோ பஞ்சுப் பட்டையோ ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிடிக்க வைத்தால் நழுவாது. கழற்றியவுடன் தோலை முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், மறந்தால் வீங்கிச் சிக்கிக்கொள்ளும். சுகரால் முன்தோல் இறுகிப் பின்னுக்கே போகாதவர்கள் அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் கருவியை நினைக்க வேண்டும். தொப்பை பெரிதாகி அடிப்பகுதி கொழுப்புக்குள் புதைந்தவர்களுக்கு வளையம் உட்காராது. ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தபட்ச நீளம் என்று ஒன்றும் உண்டு. அதனால் அளக்காமல் வாங்காதீர்கள். காற்றிழுக்கும் பம்ப்பை இதுதான் என்று தவறாக வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு சாதனம், வேறு வேலைக்கு.

மாட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கருவிக்குக் கருவி மாறும். விறைப்பு இல்லாதபோதுதான் மாட்ட வேண்டும். முதல் வாரம் இழுக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு விசை போதும், அப்புறம் வாரத்துக்கு ஒரு படி. இழுப்பது தெரியலாம், வலிக்கக் கூடாது. இடையிடையே மொட்டைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லிட்டாலோ, மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே கழற்றுங்கள். மாட்டிக்கொண்டு தூங்கவே கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புண்ணோ கிருமித் தொற்றோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பல வருட சுகர் உள்ளவர்களுக்கு மொட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன். உணர்ச்சி மங்கியிருந்தால் எச்சரிக்கை மணியே அறுந்துவிட்டது என்று பொருள். அவருக்கு நான் கருவி எழுதித் தருவதில்லை. இன்னொன்று: உறவின்போது 'டக்'கென்று சத்தம் கேட்டு உடனே வீங்கிக் கறுத்தால் அது பெய்ரோனி இல்லை, உறையே கிழிந்துபோகும் 'முறிவு'. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

தொடங்குமுன் அளவு எடுத்து வைக்கச் சொல்வேன். விறைப்பில் மேலிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒன்று. முகம் தெரியக் கூடாது, குடும்பக் குரூப்புக்குத் தவறிப் போகாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் (ஒருமுறை போயிருக்கிறது). கோணத்தைப் பேரப்பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியை வைத்தே அளந்துவிடலாம். தினம் கண்ணாடி முன்னால் நின்று பார்க்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

அண்ணாச்சிக்குக் கொப்புளம் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. பஞ்சுச் சோதனையில் உணர்ச்சி நன்றாகவே இருந்தது. மஞ்சப்பைக் கருவியை என் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். அரை மணி நேர வகையை வரவழைத்தோம். கூட்டுக் குடும்பம், ஒரே குளியலறை. கடையின் பின்னால் சரக்கு அறையில், மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். கணக்குப் பார்க்கும் நேரம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

மூன்றாம் மாதம் வந்தபோது, கடையின் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். தேதி வாரியாக டிக். பொங்கலுக்கு நான்கு நாள், சின்ன மகள் பிரசவத்துக்கு ஆறு நாள் விட்டுப்போயிருந்தது. 50 டிகிரி 38 ஆகியிருந்தது. நான் பேசுவதற்குள் அவரே பேனாவை எடுத்து, அன்றைய டோக்கன் சீட்டின் பின்னால் ஒரு கோடு போட்டார். இன்னும் வளைவுதான், ஆனால் அரிவாள் இல்லை.

"இது போதும்னு வீட்ல சொல்லுதா, சார். நான்தான் இன்னும் ரெண்டு மாசம் போட்டுப் பாப்போம்னு இருக்கேன்."