கட்டியாகாத காஸ்டில் சோப்பு

ஆலிவ் எண்ணெயில் குளியல் சோப்பு செய்து பழகிய வாசகர் ஒருவர், காஸ்டில் சோப்பு எனப்படும் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் திரவமாகச் செய்ய மட்டும் ஏன் காஸ்டிக் சோடாவை (சோடியம் ஹைட்ராக்சைடு) விட்டு காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) வாங்கச் சொல்கிறார்கள், கட்டிச் சோப்பையே துருவி வெந்நீரில் கரைத்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறார். கரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சூடாக இருக்கும்வரை அது நன்றாக ஓடும், ஆறியதும் நறுக்கிய வெண்டைக்காயைப் போல நூல்நூலாக இழுபடும்.

இரண்டிலும் நிகழும் வினை பள்ளியில் படித்ததுதான். எண்ணெய் மூலக்கூறில் கிளிசராலோடு பிணைந்திருக்கும் மூன்று கொழுப்பு அமிலங்களைக் காரம் பிரித்தெடுக்க, அவை உலோக அயனியோடு சேர்ந்து சோப்பாகின்றன. 1 கிலோ ஆலிவ் எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா சுமார் 135 கிராம் தேவை, தூய காஸ்டிக் பொட்டாஷ் என்றால் சுமார் 190 கிராம். பொட்டாஷின் மூலக்கூறு எடை 56, சோடாவுடையது 40 என்பதால் எடை மாறுகிறதே தவிர, மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரண்டிலும் சமம்தான்.

வேறுபாடு அயனியில் இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். அதன் 18 கார்பன் சங்கிலியில், 9ஆம் 10ஆம் கார்பன்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால், சங்கிலி அந்த இடத்தில் முழங்கையைப் போல மடங்கி நிற்கிறது. அதே 18 கார்பன்களோடு நேராக நிற்கும் ஸ்டீயரிக் அமிலம் உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஒலியிக் அமிலமோ 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. மடங்கிய குச்சிகளைத் தீப்பெட்டியில் நெருக்கமாக அடுக்க முடியாது அல்லவா? இருந்தும் சோடியம் அவற்றை ஒருவாறு அடுக்கிவிடுகிறது. சோடியம் அயனியின் ஆரம் 102 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), பொட்டாசியத்துடையது 138. இரண்டுக்கும் மின்னூட்டம் ஒன்றே என்றாலும், பொட்டாசியத்தில் அது பெரிய உருண்டையின் மேல் பரவிக் கிடப்பதால், சங்கிலியின் எதிர்மின் தலையை அதனால் இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. அந்தத் தளர்வுக்குள் நீர் மூலக்கூறுகள் புகுந்துகொள்ள, அடுக்கு உருவாகாமலே போகிறது. ஒரு மடிப்பும் 36 பிக்கோமீட்டரும் சேர்ந்து கட்டியைத் திரவமாக்குவதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பழங்காலச் சோப்புக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சாம்பல் தந்தது. ஸ்பெயினின் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலில் சோடியம் மிகுதி, ஆகவே காஸ்டில் சோப்பு கட்டியாகவே பிறந்தது. வட ஐரோப்பாவின் காட்டு மரச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி, அங்கே சோப்பு கூழாகவே இருந்தது. 1807இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த பொட்டாசியத்தின் பெயரே பானையில் காய்ச்சிய சாம்பலிலிருந்து (பாட் ஆஷ்) வந்ததுதான்.

கடையில் கிடைக்கும் பொட்டாஷ் பெரும்பாலும் 90 சதவீதத் தூய்மை கொண்டது. அதைக் கணக்கிட்டு, காரம் எஞ்சாதபடி 3 சதவீத எண்ணெயை வினைபுரியாமல் விட்டுவைக்க, கிலோவுக்கு 205 கிராம் போதும். காரத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், நீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் அரித்து ஹைட்ரஜனை வெளியிடும் என்பதால் எவர்சில்வரே ஏற்றது. மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்தால், கலவை பிசைந்த உருளைக்கிழங்கு போல இறுகி, பிறகு மெல்ல வாசலின் போல ஒளி ஊடுருவும் களிம்பாகும். அதில் ஒரு கரண்டி எடுத்து இரு மடங்கு வெந்நீரில் கரைத்தால் தெளிவாக நிற்க வேண்டும். கலங்கினால் வினைபுரிய வேண்டிய எண்ணெய் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

இப்படிச் செய்ததைக் "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரமின்றி உலகில் எந்தச் சோப்பும் உருவானதில்லை. முறையாக முடிந்த சோப்பில் காரம் எஞ்சாது என்பது உண்மைதான், ஆனால் அதன் பெயரையே மறைத்துவிட்டால், கற்றுக்கொள்பவர் கண்ணாடியும் கையுறையும் அணியாமல் அடுப்பின் முன் நிற்பார். ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகக்கூடும்.

அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு 9 முதல் 10 வரை இருப்பது சோப்பின் இயல்பு. அதைக் குறைக்க எண்ணி எலுமிச்சைச் சாறு பிழிபவர்கள் ஒரு கிண்ணத்தில் மட்டும் பிழிந்து பார்க்கட்டும். சாறு விழுந்த இடம் பாலாக வெளுக்கும், சற்று நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். ஒலியிக் அமிலம் பொட்டாசியத்தை விட்டுவிட்டு, சாற்றின் ஹைட்ரஜனோடு சேர்ந்து, பழையபடி நீரில் கரையாத பொருளாகிவிட்டது.