கனமான கண்ணாடிதான் முதலில் உடையும்

கண்ணாடிப் பாத்திரம் உடைந்து வெந்நீர் கொட்டி என்னிடம் சிகிச்சைக்கு வருவது இந்த மழைக்காலத்தில் மட்டும் இது மூன்றாவது. மார்த்தாண்டம் பக்கத்து அம்மா ஒருவர், வலது தொடை முழுக்க வெந்து, அதன்மேல் டூத்பேஸ்டை அப்பிக்கொண்டு வந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த கண்ணாடி டீ பாத்திரம், நடுவில் இலை போடுகிற சல்லடை. பச்சைத்தண்ணீரில் கழுவிய கையோடு கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றியிருக்கிறார், அடிப்பாகம் அப்படியே கழன்று மடியில் கொட்டிவிட்டது.

"நல்ல கனமான கண்ணாடி சாரே, அது எப்படி உடையும்?" என்று கணவர் கேட்டார். மூன்று வீட்டிலும் இதே கேள்விதான்.

கனமாக இருப்பதால்தான் உடைந்தது. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வெந்நீர் பட்டதும் உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், தடிமன் கூடக்கூட அந்த வித்தியாசமும் கூடும், இழுபடுகிற வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உடைந்துவிடும். கீழே விழுந்தால் உடையாத கனம் வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. சூடு தாங்குவதற்கென்றே செய்யப்படும் போரோசிலிகேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் விரியும், அதனால்தான் அது தாங்குகிறது. ஆனால் கம்பி நாரால் தேய்த்துக் கீறிவிட்டால் அதையும் நம்ப முடியாது. சாயாக்கடை கிளாஸ் தடிதானே என்பீர்கள். மாஸ்டரின் கையைக் கவனியுங்கள், சாயா ஊற்றுமுன் கிளாஸை வெந்நீரில் ஒரு அலசு அலசுவார்.

அதையே வீட்டிலும் செய்யுங்கள். முதலில் இளஞ்சூடான தண்ணீர், அப்புறம் இன்னும் சூடாகக் கொஞ்சம், சுழற்றிக் கொட்டிவிட்டு இலையைப் போடுங்கள். கிரீன் டீக்குக் கொதிநீரே வேண்டாம், 80 டிகிரி போதும். ஈரமான கல்மேடையில் வைக்காதீர்கள், கீழே காய்ந்த துணி போடுங்கள். அடுப்பில் வைக்கலாம் என்று அட்டையில் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய அடுப்பில் ஏற்றாதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டீ ஊற்றவே கூடாது.

கொட்டிவிட்டால் நனைந்த துணி, வளையல், மோதிரத்தை உடனே கழற்றுங்கள், ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். 20 நிமிடம் என்றால் கடிகாரம் பார்த்து. ஐஸ் கூடாது. அப்புறம் சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். குழந்தையானாலும், முகம், கை, மறைவிடம் என்றாலும் யோசிக்கவே வேண்டாம், உடனே வந்துவிடுங்கள்.

பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூசாதீர்கள். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க நாங்கள் அதைத் துடைத்தே ஆக வேண்டும். அந்த அம்மாவுக்குத் துடைத்தபோது என் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு "மக்ளே, மெதுவா" என்றார். வெந்நீர் கொட்டியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லையாம்.