அப்பாவின் தோள்பையில் ஒரு தோட்டா

சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் கைபேசி அடித்தது. ஆர்.கே. புரத்தில் வசிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் அண்ணன் மகளின் காதுகுத்துக்காக மதுரைக்குப் புறப்பட்டிருந்தார். டெல்லி விமான நிலையத்தில் அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தோளில் காலஞ்சென்ற தந்தையின் பை. அதன் அடியில், கிழிந்த உள்துணிக்கும் தோலுக்கும் நடுவே, ஒரே ஒரு .32 தோட்டா ஸ்கேனர் திரையில் தெரிந்திருக்கிறது. தந்தை ராணுவத்தில் இருந்தவர். உரிமம் பெற்று ரிவால்வர் வைத்திருந்தார். அவர் மறைந்ததும் பிள்ளைகள் ரிவால்வரை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்கள். தோட்டாக்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

டெல்லி நீதிமன்றங்களில் வழக்காடும் எனக்கு இத்தகைய அழைப்புகள் புதியவை அல்ல. துப்பாக்கி கையில் இல்லாதபோது குற்றம் எங்கிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்தே சொல்கிறது. உரிமம் இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் வழக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

அந்தத் தோட்டாவை நானும் பார்த்தேன். பித்தளைக் குப்பி பச்சை பூத்திருந்தது. அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும் சிறு வட்டத்தில் பள்ளம் எதுவும் இல்லை. சுட்ட தோட்டா என்றால் துப்பாக்கியின் ஊசி அடித்த குழி அங்கே பதிந்திருக்கும். குழி இல்லாததால் உயிருள்ள தோட்டா என்று முடிவு செய்து, வெள்ளைத் துணியில் பொதிந்து அரக்கு முத்திரை வைத்து, ரோகிணியில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அறிக்கை வர மாதங்கள் ஆயின.

ஆசிரியையைக் காப்பாற்றியது பழைய தீர்ப்பு ஒன்று. ஆயுதத்தை வைத்திருத்தல் என்றால் அது தன்னிடம் இருக்கிறது என்ற அறிவும் இருக்க வேண்டும் என்று 1972இல் குன்வந்த் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் அறிந்து வைத்திருத்தல் என்பதையே வலியுறுத்தியது. தந்தையின் உரிம நகலும் ரிவால்வரை ஒப்படைத்த ரசீதும் கைவசம் இருந்ததால், அவருக்குத் தெரியாமலே தோட்டா பையில் தங்கிவிட்டது என்பதை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல முடிந்தது. வழக்கு ரத்தானது. அதற்குள் பதினோரு மாதங்கள் ஓடிவிட்டன. காதுகுத்து அவர் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களை எண்ணித்தான் எனக்குக் கூடுதல் கவலை. டெக்சாஸில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், சுடும் பயிற்சிக்கூடத்தில் வாங்கிய 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றை நினைவுப்பொருளாகக் கொண்டுவரலாமா என்று தந்தை மூலம் கேட்டார். அது ஹாலோ பாயிண்ட் வகை. முனை குழிவாக இருக்கும். உடலுக்குள் பாய்ந்ததும் காளான் போல விரிந்து அங்கேயே நின்றுவிடும். துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய் வேறொருவர் மேல் படும் ஆபத்து குறைவு என்பதால் அமெரிக்கக் காவல்துறையினர் அதைப் பயன்படுத்துகிறார்கள். விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடுத்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் உருவான குண்டுகளே அந்தத் தடைக்கு முக்கியக் காரணம்.

அவர் கேட்டதே நல்லதாயிற்று. உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ இந்தியாவுக்குள் கொண்டுவருவதை ஆயுதச் சட்டத்தின் 10ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. ஆசிரியைக்குக் கைகொடுத்த வாதம் இவருக்கு உதவாது. ஆசையாகத் தானே எடுத்துவைத்த பொருளைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் பதற்றத்தில் கதை சொல்லாதீர்கள். பை யாருடையது, கடைசியாக யார் பயன்படுத்தினார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். டெல்லியில் காவல் நிலைய ஆவணங்கள் பெரும்பாலும் இந்தியில் இருக்கும். நம்மவர்களில் பலர் இந்தி பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். படித்துக்காட்டச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம்.

வீட்டில் உரிமதாரர் யாரேனும் காலமாகியிருந்தால் இந்த வாரமே அவருடைய பைகள், பீரோ அறைகள், பழைய கோட்டுப் பைகள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். தோட்டா கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள், ஆற்றில் எறியாதீர்கள். அதைத் தொடாமல் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, எழுத்துமூலம் ஒப்படையுங்கள். அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. எத்தனை தோட்டா, என்ன ரகம் என்பது ரசீதில் இருக்கிறதா என்று சரிபார்த்து, அதை உரிம நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.