பகல் பத்து மணித் தண்ணீர் பொய் சொல்லும்

கடல் மாசு என்றதும் நம்மூரில் எல்லாருக்கும் நினைவு வருவது கப்பல்தான். அதில் தப்பில்லை. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு நேரே கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தபோது அதில் ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. நல்லகாலம், அது கசியவில்லை, கப்பலின் சொந்த எரிபொருள்தான் படலமாகப் பரவியது. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, கப்டனுக்கு 12 மில்லியன் ரூபாய் தண்டமும் விதித்தார்கள். கப்பலென்றால் பிடிப்பதற்கு ஓர் ஆளாவது இருக்கிறார்.

வாவியில் யாரைப் பிடிப்பது? 56 கிலோமீற்றர் நீள மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கோட்டைக்கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. வயல் உரம், மலசலகூடக் குழி ஊறல், கோழிக்கடைக் கழிவு எல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன.

நான் தண்ணீர் மாதிரி எடுக்கிற ஆள். ஒட்சிசன் பார்க்கும் போத்தலில் குமிழி விழாமல் தண்ணீரை நிரப்பி, அங்கேயே நின்று இரண்டு மருந்து விடவேண்டும். ஒட்சிசன் இருந்தால் கபில நிறத்தில் பஞ்சு மாதிரித் திரண்டு அடியில் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். எத்தனையோ நாள் பகல் பத்து மணிக்குப் போய் நல்ல கபிலத்தைப் பார்த்துவிட்டு, வாவிக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன்.

கல்லடிப் பக்கம் வலை போடுகிற ஒரு பெரியவர்தான் ஒருநாள் கேட்டார்: “என்ன மனே, மீன் சாகிறது விடியச் சாமத்தில, நீங்க வாறது சோத்து நேரத்துக்கு. மீனுக்கும் கந்தோர் நேரமா?”

அவர் சொன்னது சரி. உரமும் கழிவும் சேர்ந்த தண்ணீரில் பாசி பெருகும். அது வெயிலில் ஒட்சிசனை விடும், இருட்டில் தானே அதை இழுத்துக்கொள்ளும். அதனால் விடியுமுன்தான் ஒட்சிசன் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்குத் தாங்காது. அப்புறம் ஒருநாள் அதிகாலை நாலரைக்கு அவரே போன் எடுத்தார், மீன் மேலே வந்து வாயைத் திறக்குதாம். ஓடிப்போய் எடுத்த போத்தலில் வெள்ளை. அதே இடத்தில் பதினொரு மணிக்கு எடுத்த மற்றப் போத்தலில் கபிலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன், அறிக்கையைவிட அந்தப் படம்தான் மேலே இருப்பவர்களை அசைத்தது (பெரியவரின் பெயர் அறிக்கையில் இல்லை, அது என் பிழை).

ஆகவே மீன் வாயைத் திறந்து மிதந்தால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கோ மீன்பிடித் திணைக்களத்துக்கோ உடனே சொல்லுங்கள். எத்தனை மணி, எந்த இடம், தண்ணீர் என்ன நிறம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டியிருக்கா மூடியிருக்கா, முதல்நாள் மழை பெய்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போத்தலோடு வருகிறவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.